பின்னால் வருகிறார்

டிசம்பர் 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நலம். போன ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோம். நீங்கள் "ம்" என்றீர்கள், நான் "அப்புறம்?" என்றேன், நீங்கள் "வேறென்ன" என்றீர்கள், வைத்துவிட்டோம். நம் இரண்டு பேருக்கும் போன் ஒத்துவராது. தவிர, உங்கள் வீட்டுச் சமையலறையில் யாராவது தும்மினால் படுக்கையறையிலிருந்து உங்கள் மருமகள் மாத்திரையோடு வந்து நிற்பாள். அவ்வளவு விசாலமான வீடு. அதனால்தான் இந்தக் கடிதம், அதுவும் உங்கள் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கு விலாசத்துக்கு. போர்வைகளுக்கு நடுவில் வைத்துப் படியுங்கள்.

ஊர்ச் செய்தி ஒன்று. எதிர்வீட்டு வக்கீலுக்குக் கீழ்வரிசைப் பல் செட் கட்டிக் கொடுத்தேன். மறுநாளே வந்து நின்றார். "இதைப் போட்டுக்கிட்டா பேச்சு தடுக்குதுய்யா, கோர்ட்ல ஒரு பொய் கூட ஒழுங்கா வரலை" என்றார். இரண்டு இடத்தில் ராவிக் கொடுத்தேன். இப்போது சரளமாக வருகிறதாம். என் தொழிலால் நீதிக்கு நேரும் கதி இது.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஏரிக்குப் போய் இரண்டு குளிர்காலம் போய்விட்டது. மாப்பிள்ளை இருந்தவரை, டிசம்பர் பிறந்தாலே "மாமா, ஸ்வெட்டரை வெயில்ல போடுங்க" என்று போன் வந்துவிடும். விடியும் முன் கிளம்பி, பனி விலகும்போது போய்ச் சேர்ந்து, படகு, பறவைகள், பிளாஸ்க் டீ, இருட்டுவதற்குள் வீடு. இந்த வருஷம் போனால் என்ன என்று தோன்றுகிறது. 28ஆம் தேதி ஞாயிறு. நான் முந்தின நாளே வந்து உங்கள் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். குறட்டைக்கு இப்போதே மன்னிப்பு. என் வீட்டுக்காரிக்கு முட்டி வலி, வரவில்லை.

வண்டி ஓட்டியது எப்போதும் மாப்பிள்ளைதான். எனக்கு ஓட்டத் தெரியாது. தெரியும் என்று நான் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு, அந்த மதில்சுவரின் சொந்தக்காரரைக் கேட்டால் சொல்வார். அதனால் வண்டி ஓட்ட ஒரு ஆள் பார்த்திருக்கிறேன். ரொம்ப நல்ல பையன். முப்பத்தைந்து வயது. லிஃப்ட் மெக்கானிக், நிரந்தர வேலை. குடி, சிகரெட் கிடையாது. சொந்த வீடு, சின்னதுதான், ஆனால் நல்ல வெயில் வரும். ஒரே அக்கா, கல்யாணமாகி வெளியூரில், அம்மா அவரோடு இருக்கிறார். பொறுமையான குணம். வண்டியும் நன்றாக ஓட்டுவார்.

பதில் போடுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி

*

டிசம்பர் 8

சம்பந்திக்கு,

கடிதம் கிடைத்தது.

ஒரு நாள் வண்டி ஓட்டுகிறவருக்குச் சொந்த வீடு எதற்கு? அதில் வெயில் வந்தால் எனக்கென்ன, வராவிட்டால் எனக்கென்ன? அவருடைய அக்கா கல்யாணமாகிப் போன ஊர், ஏரிக்குப் போகிற வழியில் எங்கே வருகிறது?

உங்கள் கடிதமும் நீங்கள் கட்டுகிற பல் செட் மாதிரிதான். முன்னால் சிரிப்பு, பின்னால் கம்பி.

நான் வேலை பார்ப்பது துணிக்கிடங்கில். வந்து விழுகிற துணியில் எது என்ன கறை, எங்கே பட்டது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ரத்தம், மருந்து, டீ எல்லாம் தெரியும். போன மாதம் உங்கள் மகளுடைய கைக்குட்டையில் கிரீஸ். யாரோ கை துடைத்த கறை, நடுவில் கட்டைவிரல் அழுத்தமாகத் தெரிந்தது. அவளுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் பேப்பர் வேலை. பேப்பரில் கிரீஸ் வராது. மண்ணெண்ணெய் தொட்டு எடுத்தேன், துவைத்தேன், மடித்து அவள் அலமாரியில் வைத்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஏரிக்கு வருவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சுற்றி வளைக்காமல் ஒரு கடிதம் எழுத உங்களால் முடியுமா என்று முதலில் பாருங்கள்.

சம்பந்தி

*

டிசம்பர் 11

சம்பந்தி அம்மாவுக்கு,

மாட்டிக்கொண்டேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் அவளுடைய முட்டி வலி பாதி போய்விட்டது. எழுதாதே என்று முன்னாலேயே சொன்னவள் அவள்தான். "நேர்ல போய்ச் சொல்லுங்க. எழுதினா கோமாளித்தனம் பண்ணுவீங்க" என்றாள். "நேர்ல போனா?" என்றேன். "நேர்ல போனா அழுவீங்க" என்றாள். இரண்டில் கோமாளித்தனம் தேவலை என்று எடுத்துக்கொண்டேன்.

நேராகச் சொல்கிறேன். அவர் டிரைவர் இல்லை. நம் பெண்ணுடைய ஆபீஸ் லிஃப்டைப் பார்த்துக்கொள்கிறவர். ஒருமுறை அது பாதியில் நின்றுவிட்டது. உள்ளே இவள் மட்டும். அவர் வந்து திறக்கும்வரை வெளியிலிருந்து இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே இருந்தாராம். "பயப்படாதீங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று கதை மாதிரி சொன்னாராம். அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போகிறது. கெடுப்பது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் ஆதாரம் இல்லை. மாப்பிள்ளையைப் பற்றி இவளே முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டாள்.

அவர் கேட்டிருக்கிறார். இவள் இன்னும் பதில் சொல்லவில்லை. என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை, என் கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு எழுதுகிறேன்: "அத்தை வாய் திறந்து சரின்னு சொன்னாத்தான்பா. இல்லேன்னா இந்தப் பேச்சே வேண்டாம், அவங்களும் நானும் இப்படியே இருந்துடறோம். ஆனா நான் போய்க் கேட்க மாட்டேன். நான் கேட்டா அவங்க உடனே சரின்னுடுவாங்க. எனக்காகச் சொன்னாங்களா, மனசாரச் சொன்னாங்களான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமப் போயிடும்."

அதனால் யோசனை என்னுடையது. ஏரிக்குப் போவோம், அவரை நீங்கள் பார்ப்பீர்கள், பேச வேண்டிய இடமாகவும் அது இருக்காது, சும்மா பறவை பார்க்கலாம். பிறகு உங்கள் மனசு. யோசனை என்னுடையது என்பதால் இதில் ஓட்டைகள் இருக்கும்.

கோபமா? கோபம் என்றாலும் எழுதுங்கள்.

சம்பந்தி

*

டிசம்பர் 18

சம்பந்திக்கு,

கோபம்தான். ஒரு வாரம் எழுதாமல் இருந்தது அதனால்தான்.

உங்களுக்குத் தெரியும், உங்கள் மனைவிக்குத் தெரியும், லிஃப்டுக்குக்கூடத் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு மண்ணெண்ணெய் தொட்டுத்தான் தெரிய வேண்டியிருந்தது.

மனசாரச் சொல்ல வேண்டுமாம். மனசு என்ன, ஆர்டர் போட்டால் அளவெடுத்துச் செய்து தருகிற பொருளா? அவளிடம் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

உங்களுக்கு ஒரு மாப்பிள்ளை போனார், இன்னொரு மாப்பிள்ளை வருவார். எனக்கு மருமகள் போனால் யார் வருவார்? என் வீட்டுக்காரர் போனபோது பையனுக்கு ஆறு வயது. அவனை வளர்க்கிற வேலை இருந்தது, அதனால் தாங்கியது. அவன் காய்ச்சல் என்று படுத்துப் போனபோது இவள் இருந்தாள். அப்போதும் தாங்கியது. இனிமேல் எதை வைத்துத் தாங்குவது என்று நான் யாரிடம் கேட்பது?

எங்கள் ஜன்னல் தெருமுனையிலிருந்தே தெரியும். சாயங்காலம் யார் முதலில் வருகிறாரோ அவர் ஹால் விளக்கைப் போடுவார். பின்னால் வருகிறவர் தெருவிலிருந்து பார்ப்பார். விளக்கு எரிந்தால் மாடி ஏறுவது தெரியாது. போன செவ்வாய்க்கிழமை நான் முதலில் வந்தேன். விளக்கைப் போடவில்லை. எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தேன். அவள் வந்து, "என்ன அத்தை, பல்பு போயிடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் ஸ்விட்சைப் போட்டாள். எரிந்தது. டீ போட்டோம்.

வருகிறேன். சரி என்று சொல்ல அல்ல, பார்க்க.

முன் சீட்டில் நான்தான் உட்காருவேன். என் பையன் ஓட்டும்போதும் அங்கேதான் உட்காருவேன், அது என் இடம். அவர் எப்படி ஓட்டுகிறார் என்றும் பார்க்கலாம். யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. நீங்கள் வழியில் பேச்சுக் கச்சேரி வைக்கக் கூடாது. ரொட்டியும் முட்டையும் நான் செய்து கொண்டுவருகிறேன். நீங்கள் ஆரஞ்சு வாங்கி வாருங்கள், போன தடவை மாதிரி புளிப்பாக வேண்டாம்.

சம்பந்தி

*

டிசம்பர் 22

சம்பந்தி அம்மாவுக்கு,

உத்தரவுகள் எல்லாம் கிடைத்தன. பேச்சுக் கச்சேரி ரத்து. வாயில் ஒரு ஆரஞ்சை வைத்து அடைத்துக்கொள்கிறேன், இனிப்பான ஆரஞ்சு.

அவர் ஐந்து மணிக்கு வண்டியோடு கீழே நிற்பார். பனியாக இருக்கும், அதனால் மெதுவாகத்தான் போவாராம். வண்டி அவருடைய நண்பருடையது, ஹீட்டர் வேலை செய்யும், ஆனால் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். அந்தப் பக்கம் முன் சீட். உங்கள் ராசி. நீங்கள் மஃப்ளரை மறக்காதீர்கள். ஏரிக்கரைக் காற்று காதுக்குள் போனால் அடுத்த வாரம் முழுக்க உங்கள் கிடங்கில் எல்லோரும் உங்களிடம் கத்திப் பேச வேண்டியிருக்கும். அவர்கள் ஏற்கெனவே உங்களைக் கண்டால் மெதுவாகத்தான் பேசுகிறார்கள் என்று கேள்வி.

இன்னொன்று. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் ஆரஞ்சைப் பற்றி எழுதினேன். படகுக்காரர். மாப்பிள்ளை போன விஷயம் அவருக்குத் தெரியாது. நான் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். நம்ம மாப்பிள்ளை அந்த உடம்போடு ஏறினால் படகு ஒரு பக்கம் சாயும், அவர் ஒரு கல்லைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைப்பார், நினைவிருக்கிறதா? இந்த வருஷமும் போனதும் கேட்பார். உங்கள் முன்னால் கேட்கக் கூடாது. நம் பெண் முன்னாலும் கூடாது. நான் வண்டியிலிருந்து இறங்கியதும் உங்களுக்கெல்லாம் முன்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொறுப்பு என்னுடையது. நீங்கள் நிதானமாக வாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். தெருமுனையிலிருந்து ஜன்னலைப் பார்ப்பேன்.

சம்பந்தி

*

டிசம்பர் 30

சம்பந்தி அம்மாவுக்கு,

அன்று ஏரியிலிருந்து வீடு வரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பையன் இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இது.

நான் முன்னால் போனேன். படகுக்காரர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார். "வாங்க பெரியவரே!" என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணே என்று கூப்பிட்ட மனுஷன். சொல்ல வேண்டியதை வண்டியிலேயே நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "மாப்பிள்ளை எங்கே?" என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. ஏற்கெனவே குனிந்து அந்தக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "பின்னால வர்றார்."

ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்க்கிறவன் நான். என் வாயிலிருந்து இதுதான் வந்தது.

பனியில் முதலில் தெரிந்தது அந்தப் பையன்தான். காதுவரை மஃப்ளர், ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் உங்கள் கூடை. பின்னால் நீங்கள் இரண்டு பேரும். மற்றதை நீங்களே கேட்டீர்கள். "அடடே, வாங்க மாப்பிள்ளை! என்ன இப்படி இளைச்சுட்டீங்க?" என்றுவிட்டு, உங்களிடம் திரும்பி, "ஏம்மா, பிள்ளைக்குச் சாப்பாடு போடறதில்லையா?" என்றார்.

என் காலடியில் தரை பிளந்திருந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன். நம் பெண் மஃப்ளரை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். அந்தப் பையன் உங்களைப் பார்த்தார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தீர்கள். அப்புறம் அவர், "வேலை ஜாஸ்திண்ணே" என்றார்.

படகுக்காரர் கல்லைக் கரையிலேயே போட்டுவிட்டார். "இனிமே இது வேண்டாம், பாருங்க, நேரா நிக்குது" என்றார். படகு நேராகத்தான் போயிற்று. இவ்வளவு நேராகப் போகிற படகில் நான் உட்கார்ந்ததே இல்லை. என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பையன் மேல் உங்களுக்குக் கோபம் இருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொருத்தர் சட்டையைப் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை அவர். என் வாய்க்கு அவர் முட்டுக்கொடுத்தார், அவ்வளவுதான்.

வாசலில் இறங்கும்போது அவரிடம் "ஜாக்கிரதையாப் போங்க" என்றீர்கள். அது அவருக்கா, பனிக்கா என்று எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் சண்டை.

மன்னிக்கவும்.

*

ஜனவரி 7

பதில் இல்லை. நம் பெண்ணிடம் போனில் கேட்டேன். "அத்தை நல்லாத்தான் இருக்காங்க, அலமாரியெல்லாம் ஒழிக்கிறாங்க" என்றாள். ஒழிக்கிறது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

இந்தக் கார்டில் மேலே ஒன்றும் எழுதாமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். "சம்பந்தி அம்மாவுக்கு" என்று எழுதப் போனேன், கை நின்றுவிட்டது. நீங்கள் சரி என்றால் அந்த வார்த்தை இன்னொரு அம்மாவுக்குப் போய்விடும். சரி என்று சொல்லாவிட்டால் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு முகம் இருக்காது. இரண்டில் எதுவானாலும் எனக்கு உங்களைக் கூப்பிட ஒரு வார்த்தை இல்லாமல் போகிறது. இத்தனை நாள் சம்பந்தி சம்பந்தி என்றே கூப்பிட்டு, உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்காமலே இருந்திருக்கிறேன்.

திட்டியாவது எழுதுங்கள்.

*

ஜனவரி 22

தம்பிக்கு,

ஆமாம், உங்களைத்தான். வயதில் நான் சின்னவள் என்று சண்டைக்கு வராதீர்கள். படகுக்காரரே உங்களைப் பெரியவர் என்றார், அந்தத் துக்கத்துக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.

முதலில் கோபம்தான். வண்டியில் ஏறியபோதும் கோபம்தான். என் பையன் பெயரில் வந்த கேள்விக்கு இன்னொருத்தன் எப்படிப் பதில் சொல்லலாம் என்று. முன் சீட்டில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஏதோ திருடிவிட்டு வருகிறவன் மாதிரி ஓட்டியது. பாதி வழியில் எனக்கு ஒன்று தோன்றியது. "நான் அவர் இல்லை" என்று அது சொல்லியிருந்தால், "அப்ப அவர் எங்கே?" என்று படகுக்காரர் கேட்டிருப்பார். யாராவது ஒருத்தர் அந்தக் காற்றில் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். உங்களால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அவளால் முடியாது. நான்தான் சொல்லியிருப்பேன். அந்த வேலையை அது என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. கூடையை வாங்கிக்கொண்ட மாதிரி.

அதனால் இப்போது அந்த ஏரியில் ஒருத்தருக்காவது என் பையன் இருக்கிறான். வேலை ஜாஸ்தி, கொஞ்சம் இளைத்துவிட்டான், அவ்வளவுதான். அதை யாரும் போய்த் திருத்த வேண்டாம்.

நேற்றுக் காலை அவள் தலைவாரிக்கொண்டு நின்றாள். சரி என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை, சீப்பு அப்படியே நின்றது. "எனக்காகவா, மனசாரவா அத்தை?" என்றாள். "பாதிப் பாதி" என்றேன். முழுசும் மனசார என்றால் அவளும் நம்ப மாட்டாள், நானும் நம்ப மாட்டேன். பாதி என்றதும் நம்பிவிட்டாள். இரண்டு பேரும் நன்றாக அழுதோம். அவளுக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, எனக்கும்தான்.

அந்த வார்த்தையைப் பற்றி. மெக்கானிக்கின் அம்மா உங்களுக்கு மட்டும் சம்பந்தி ஆகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எட்டு வருஷம் என் கூட இருந்த பெண் அவள். அந்த அம்மா எனக்கும்தான் சம்பந்தி. இதுவரை நான் மாப்பிள்ளை வீடாக இருந்து உங்களை எவ்வளவோ ஆட்டிவைத்தேன், புளிப்பு ஆரஞ்சுக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனிமேல் நீங்களும் நானும் ஒரே பக்கம். பெண் வீடு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால்தான் தம்பி. நீங்கள் அக்கா என்று எழுதுங்கள், முதலில் கூச்சமாக இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்.

ஹால் விளக்கை இனி காலையில் கிளம்பும்போதே போட்டுவிட்டுப் போவதாக இருக்கிறேன். பகல் முழுக்க எரியும். கரண்ட் பில் வந்தால் உங்களுக்கு அனுப்புவேன்.

கல்யாணம் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த டிசம்பரில் எல்லோரும் மறுபடி ஏரிக்குப் போக வேண்டும். அதற்குள் அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் சாப்பிட்டு உடம்பைத் தேற்றச் சொல்லுங்கள். அந்தக் கல்லை மறுபடி எடுத்து வைக்கிற அளவுக்காவது. படகுக்காரர் என் பையனை நினைத்துக் கவலைப்படுகிறார்.

அக்கா